காது ரெண்டும் தெரியணும்

அன்பு மனைவிக்கு,

உன் வீட்டுக்காரன் எந்தக் குறையும் இல்லாமல் சௌகரியமாக இருந்துகொண்டு எழுதும் கடிதம். நீ, மகள், மாப்பிள்ளை, குழந்தை நான்கு பேரும் நலமாக இருக்கிறீர்களா என்று முறைப்படி விசாரிக்கிறேன். நேற்றுச் சாயங்காலம்தான் போனில் விசாரித்தேன், நீங்களும் நலம் என்றுதான் சொன்னீர்கள். ஆனாலும் கடிதத்துக்கென்று ஒரு வாசல் இருக்கிறது, அதன் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். அந்தப் போனை நம் மகள் சாப்பாட்டு மேசை நடுவில் ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிடுகிறாள். நான் "சாப்பிட்டியா?" என்று உன்னைக் கேட்டால் மாப்பிள்ளை "ஆச்சு மாமா" என்கிறார். "முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்டால் குழந்தை வீறிடுகிறது. முப்பத்து நான்கு வருஷம் உன்னோடு குடித்தனம் நடத்தியவன், உன்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் ஒரு சபையில் எழுந்து நின்று பேச வேண்டியிருக்கிறது. போன மாதம் நீ நம் தெருவில் திரியும் பழுப்பு நாயை நினைத்துக்கொண்டு, "மாப்பிள்ளைக்குச் சொறி போயிடுச்சா? இன்னும் வாசல்லயே படுத்துக் கெடக்கானா?" என்று கேட்டாயே, அப்போது அந்தப் பக்கம் விழுந்த மௌனம் இன்னும் என் காதில் இருக்கிறது. அது மகளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே வைத்த பெயர், சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வருவான், சாப்பிட்டதும் படுத்துவிடுவான், வேறு எதிலும் தலையிட மாட்டான், அதனால்தான் அந்தப் பெயர் என்று நான் விளக்கப் போய், நிலைமை இன்னும் மோசமானது. ஆகவே கடிதம்.

முதலில் அலுவல் விஷயத்தை முடித்துவிடுகிறேன். நீ அங்கே இன்னும் ஒரு வருஷம் தங்குவதற்கு மனுப் போட வேண்டும், அதில் ஒட்ட உன் படம் எட்டுப் பிரதி வேண்டும், அங்கே உள்ள கடைக்காரர்களை நம்ப முடியாது, அப்பா பார்த்துச் சரி என்று சொல்லி, அப்பா கையால் பிரிண்ட் போட்டு வெட்டி கூரியரில் அனுப்பினால்தான் ஆபீஸில் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று மகள் சொன்னாள். நியாயம்தான். முப்பத்தோரு வருஷமாக பாஸ்போர்ட் ஆபீஸுக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். நான் எடுத்த ஒரு படம்கூட அங்கிருந்து திரும்பி வந்தது கிடையாது, சமீபத்தில் வந்த ஒன்றைத் தவிர. அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் மகள் போனில் எடுத்து அனுப்பிய ஏழு படங்களையும் நான் ஏன் தள்ளிவிட்டேன் என்று வீடே சேர்ந்து கேட்கிறது. மாப்பிள்ளை குரலில் லேசாகச் சூடுகூடத் தெரிந்தது. காரணங்களை எழுத்து மூலமாகவே தருகிறேன். முதல் படத்தில் உன் தலைக்குப் பின்னால் நிழல். இரண்டாவதில் மூக்குக் கண்ணாடியில் விளக்கு வெளிச்சம். மூன்றாவதில் முகவாய் அரை விரல் தாழ்ந்துவிட்டது. நான்காவதில் இடது காது போதவில்லை. ஐந்தாவதில் வலது காது அதிகம். ஆறாவதில் சுவர் வெள்ளை இல்லை, பல் நிறம். ஏழாவது எனக்குப் பிடிக்கவில்லை. வருகிற இருபதாம் தேதிக்குள் மனு போய்ச் சேர வேண்டும் என்பது எனக்கும் தெரியும். தொழில் என்று வந்துவிட்டால் நான் மனைவி என்றும் பார்க்க மாட்டேன்.

மற்றபடி நீ அங்கே இருப்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று போனாய், எட்டு மாதம் ஆகிறது. அதனால் என்ன? குழந்தை குப்புற விழுந்தது, இப்போது தவழ்கிறது, இனி நிற்கும், நடக்கும், பள்ளிக்கூடம் போகும், காலேஜ் முடிக்கும். இருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நிதானமாக வா. நான் இங்கே ராஜா மாதிரி இருக்கிறேன். சமையல் கைவந்துவிட்டது, பால் பொங்கி வழிவது ஒன்றுதான் இன்னும் என் கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை. அடுப்பைத் துடைக்கிற துணியைத் துடைக்க இன்னொரு துணி வாங்கியிருக்கிறேன்.

இப்போது நாய் விவகாரம். நீ ஸ்பீக்கரில் கேட்பதெல்லாம் கேட்டுவிட்டாய், நான் முழுக்கச் சொன்னதில்லை, சபையில் சொல்லும்படியான விஷயம் இல்லை அது. நீ போய் இறங்கிய முதல் வாரம் போன் செய்தாய். நான் சாப்பிட்டேனா என்று கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ, "நாய்ங்கெல்லாம் எப்படி இருக்கு? ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்களேன்" என்றாய். சரி, போட்டோ என்றால் நமக்கென்ன கஷ்டம் என்று காலையில் காமிராவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆனால் எனக்குத் தெரிந்த போட்டோ ஒரே வகைதான் என்பது உனக்குத் தெரியும். கடையில் ஸ்டூலுக்குப் பின்னால் தொங்குகிற வெள்ளைத் துணியைக் கழற்றினேன், பக்கத்து மருந்துக் கடைக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன், "ரெண்டு நிமிஷம் இதை விரிச்சுப் பிடிங்க" என்று அவரை அந்தக் கறுப்பு நாய்க்குப் பின்னால் நிறுத்தினேன். நீ கணக்கு டீச்சர் என்று கூப்பிடுவாயே, எல்லோரையும் தப்புக் கணக்குப் போட்டவனைப் பார்ப்பது மாதிரி பார்க்கும், அதேதான். அது சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தது. நானும் முப்பத்தோரு வருஷமாகச் சொல்கிற அதே குரலில், "நேராப் பாருங்க. வாயை மூடுங்க. காது ரெண்டும் தெரியணும்" என்றேன். மூடியது. நேராகப் பார்த்தது. என் வாழ்நாளில் இப்படி ஒரு வாடிக்கையாளர் எனக்குக் கிடைத்ததில்லை, ஒரே தடவையில் முடிந்தது. அடுத்தது நம் புள்ளி நாய், ஒவ்வொரு பஸ்ஸையும் நிறுத்தம்வரை துரத்திக்கொண்டு போய் விட்டுவிட்டுத் திரும்பி வருமே, கண்டக்டர், அதுவும் முடிந்தது. இரண்டையும் அனுப்பி வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள் என்று மகள் சொன்னாள்.

எதற்குச் சிரித்தாய் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இருந்தாலும் நீ சிரித்தாய் என்றார்கள், அது போதுமானதாக இருந்தது. மறுநாள் காலையிலும் துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இதற்குள் நம் மகள் என்னைக் கேட்காமல் அந்தப் படங்களை ஊர் உலகம் பார்க்கும்படி இணையத்தில் ஒரு பக்கம் திறந்து போட்டுவிட்டாள். பக்கத்துக்கு "காது ரெண்டும் தெரியணும்" என்றே பெயர். பதினோராயிரம் பேர் தொடர்கிறார்களாம். யார் இவர்கள், இவர்களுக்கு வேலை வெட்டி கிடையாதா என்று கேட்டேன், வேலை நேரத்தில்தான் பார்க்கிறார்கள் என்றாள். கணக்கு டீச்சர் படத்துக்குக் கீழே ஒருவர், "எங்க மேனேஜரை விட முகத்துல பொறுப்பு தெரியுது" என்று எழுதியிருந்தார். கண்டக்டர் படத்துக்குக் கீழே ஒரு பெண், "இவருக்கு உடனே விசா குடுங்கப்பா" என்று எழுதியிருந்தாள். நான் பொறுப்பாக, "இடது ஓரம் லேசாக நிழல் விழுந்திருக்கிறது, மன்னிக்கவும், நாளை மறுபடி எடுத்துப் போடுகிறேன்" என்று பதில் எழுதினேன். அதற்கு நானூறு பேர் சிரித்திருக்கிறார்கள். தொழிலில் குறையை ஒப்புக்கொண்டால் இந்தக் காலத்தில் சிரிக்கிறார்கள்.

தெருவில் என் மரியாதை என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரியக் கூடாது. நாயின் கண்ணும் காமிராவும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெற்றி பெரிதாகிவிடும். ஆகவே நான் தரையில் குப்புறப் படுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாள் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டைவால் நாய்க்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தேன். அசைந்தால் போய்விடும். பின்னால் யாரோ ஒரு அம்மாள், "ஐயோ, பெரியவர் விழுந்துட்டாரே" என்று கத்தினாள். நான் கையால் சும்மா இருங்கள் என்று ஜாடை காட்டினேன். "கை இழுக்குது, கை இழுக்குது" என்றார் இன்னொருவர். யாரோ என் முகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார்கள், யாரோ என் செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் தேய்த்தார்கள், சட்டைப் பொத்தானைப் பிரித்துவிட்டார்கள், வெள்ளைத் துணியோடு பின்னால் நின்ற மருந்துக் கடைக்காரரைப் பார்த்து ஒரு ஆள், "அதுக்குள்ள துணி போத்த வந்துட்டியா, மனுஷனா நீ?" என்று அடிக்கப் போய்விட்டான். நான் எழுந்து உட்கார்ந்து, "போட்டோ எடுக்கிறேன்" என்றேன். "யாரை?" என்றார்கள். திரும்பிப் பார்த்தால் நாயைக் காணோம். அன்றிலிருந்து அந்த நிறுத்தத்தில் இறங்கும் சிலர் என்னைப் பார்த்தால் வேகமாக நடக்கிறார்கள்.

கடையிலும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டுவிட்டது. போன வாரம் ஒரு பெரிய அதிகாரி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நான் காமிராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னை அறியாமல் "ச்சூ ச்சூ" என்று நாக்கைக் கொட்டி, சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து லென்ஸுக்கு மேலே ஆட்டினேன். ஆட்டிய பிறகுதான் என்ன செய்கிறேன் என்பது உறைத்தது. அவர் என்னைப் பார்த்தார், பிஸ்கட்டைப் பார்த்தார், எட்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். "காலைல சாப்பிடல" என்றார். அப்புறம் நேராகப் பார்த்தார்.

இவ்வளவுக்கும் மேல் ஒன்று நடந்தது. நாயாக இருந்தாலும் ஒரே ஒரு பிரதியோடு நிறுத்த எனக்குக் கை வருவதில்லை, எட்டாகப் போட்டு, வெட்டி, பழுப்புக் கவரில் போட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கிவிடுகிறேன். அங்கேதான் வாடிக்கையாளர்களின் கவரும் இருக்கும். ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் அவசரமாக வந்து கவரை வாங்கிக்கொண்டு எதிரே ஆபீஸுக்குள் போனார். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று, கவுண்டரில் கவரை நீட்டியிருக்கிறார். உள்ளே இருந்தவர் தலை நிமிராமல் படத்தை அட்டைச் சட்டத்தில் வைத்து அளந்துவிட்டுச் சொன்னாராம்: "காது ரெண்டும் தெரியுது. வாய் மூடியிருக்கு. பின்னணி வெள்ளை. படத்துல ஒரு குறையும் இல்ல சார். ஆளுதான் நீங்க இல்ல." கணக்கு டீச்சரின் எட்டுப் பிரதி அது. தலைமை ஆசிரியர் ரோட்டைத் தாண்டி வந்து என் மேசையில் கவரைப் போட்டபோது அவர் மூஞ்சி இருந்த இருப்பைப் பார்த்து நான் ஊரை விட்டே கிளம்பிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அவர் ஒன்றும் கத்தவில்லை. படத்தை மறுபடி எடுத்துப் பார்த்து, "நாப்பது வருஷம் நான் இப்படித்தான் பசங்களைப் பார்த்தேனா?" என்று கேட்டுவிட்டு, அதில் ஒன்றைத் தன் பையில் வைத்துக்கொண்டார். முப்பத்தோரு வருஷத்தில் என்னிடம் திரும்பி வந்த ஒரே படம் அதுதான். கூப்பிட்டு உன்னிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். அங்கே நீ குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பாய் என்று கீழே வைத்துவிட்டேன். இந்த எட்டு மாதத்தில் அப்படி எத்தனை தடவை எடுத்துவிட்டு வைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது, எனக்கும் கணக்கு விட்டுப்போயிற்று. ஒரு விஷயம் நடந்தால், சாயங்காலம் வீட்டுக்குப் போய் உன்னிடம் சொல்லி, நீ தலையில் அடித்துக்கொண்ட பிறகுதான் அது நடந்து முடிந்ததாக எனக்குப் படும். இப்போது எல்லாம் பாதி நடந்தபடியே நிற்கிறது.

சரி, அதை விடு. நான் சொல்ல வந்தது மாப்பிள்ளையைப் பற்றி. நாயைச் சொல்கிறேன்.

அவன் ஒருவன்தான் எனக்குப் பிடிகொடுக்கவில்லை. மற்ற நாய்களெல்லாம் இந்தப் பதினோராயிரம் பேருக்கும் முகம் காட்டிவிட்டன. இவன் மட்டும் நம் வாசலில் படுத்துக்கொண்டு, நீ ஏறிப் போன டாக்ஸி திரும்பிய தெருமுனையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பிஸ்கட் ஆட்டினேன். பன் வாங்கிப் போட்டேன். நாக்கைக் கொட்டினேன், விசில் அடித்தேன், மருந்துக் கடைக்காரர் பூனை மாதிரி கத்தினார், அதற்கு மூன்று வீட்டில் ஜன்னல் திறந்தது. இவன் திரும்பவே இல்லை. ஒரு காது மடங்கி, முகம் அந்தப் பக்கம். இருபத்து நான்கு படம் எடுத்தேன், இருபத்து நான்கிலும் கழுத்துதான் இருக்கிறது. அதில் ஒன்றை மகள் அப்படியே போட்டுவிட்டாள், "பழுப்பு அண்ணன் முகம் எங்கே?" என்று எல்லோரும் எழுதிக் கேட்கிறார்கள். நான் அவன் பக்கத்தில் வாசல்படியில் உட்கார்ந்து, "அவ வரமாட்டாடா, அங்க குழந்தை தவழுதாம்" என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லிவிட்டு நானும் கொஞ்ச நேரம் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சும்மாதான். அங்கே ஒன்றும் இல்லை, ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு விளம்பரப் பலகையும்தான்.

நீ விமான நிலையத்தில் உள்ளே போன பிறகு போனில் ஒரு குரல் பதிவு அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? ஒன்பது வினாடி. "கேஸை மூடினீங்களா? மொட்டை மாடிக் கதவு? சும்மா தலைய ஆட்டாதீங்க, வாயத் தொறந்து சொல்லுங்க." நான் அப்போது உண்மையிலேயே தலையைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன். அதை நான் அழிக்கவில்லை. வேறு எதையோ தேடும்போது கை தவறிப் பட்டு, வாசலில் உன் குரல் சத்தமாக வந்துவிட்டது. மாப்பிள்ளை எழுந்தே விட்டான். மடங்கியே கிடக்கிற அந்தக் காது இருக்கிறதே, பிறந்ததிலிருந்து நிமிராத காது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோமே, அது நிமிர்ந்தது. இரண்டு காதும் தெரிய, வாயை மூடிக்கொண்டு, என் கையையே நேராகப் பார்த்தான். வெள்ளைத் துணி இல்லை, நம் வீட்டுக் கதவுதான் பின்னணி, ஒரு கையில் போன், இன்னொரு கையில் காமிரா. ஒரே ஒரு படம் எடுத்தேன். நான் இதுவரை எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். அதை நான் மகளின் அந்தப் பக்கத்தில் போடக் கொடுக்கவில்லை. பதினோராயிரம் பேரும் தப்பாக நினைக்க வேண்டாம், அவன் அவர்களைப் பார்க்கவில்லை.

மறுநாளும் போட்டேன், ஓடி வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். வாலை ஆட்டிக்கொண்டு போனுக்குப் பின்னால் போய்க்கூடப் பார்த்தான், நீ அங்கே நிற்கிறாயா என்று. ஆறாம் நாள் அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வந்து போனை ஒரு தடவை மோந்து பார்த்தான், மறுபடியும் போய்த் தெருமுனையைப் பார்த்துப் படுத்துவிட்டான். அதற்குப் பிறகு அவனுக்காக நான் அதைப் போடுவதில்லை. நான் மட்டும் காலையில் கடைக்குக் கிளம்புமுன் அடுப்புக்கு முன்னால் நின்று ஒரு தடவை போட்டுக் கேட்டுக்கொள்கிறேன். "மூடிட்டேன்" என்று வாயைத் திறந்துதான் பதில் சொல்கிறேன். கேஸ் விஷயத்தில் ஜாக்கிரதை நல்லதுதானே.

கேஸ் என்றதும் உன் பாஸ்போர்ட் படம் எடுத்த நாள் நினைவுக்கு வருகிறது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, இருந்தாலும் வருகிறது. நீ நல்ல புடவை கட்டிக்கொண்டு கடைக்கு வந்து, வாடிக்கையாளர் மாதிரி வரிசையில் உட்கார்ந்து, உன் முறை வந்ததும் ஸ்டூலில் ஏறினாய். நானும் பழக்கத்தில், "நேராப் பாருங்க, சிரிக்காதீங்க, காது ரெண்டும் தெரியணும்" என்று சொல்லிவிட்டேன். நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். "முப்பத்து நாலு வருஷத்துல இன்னைக்குத்தான் எனக்கு மரியாதை குடுத்திருக்கீங்க" என்றாய். பின்னால் காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். மறுபடி எடுத்தேன், மறுபடி சிரித்தாய். நான் முறைத்தேன், அதற்கும் சிரித்தாய். "இந்தா, பொழப்பக் கெடுக்காத" என்றேன், அதற்கு இன்னும் சிரித்தாய். பதினான்காவது தடவைதான் சிரிக்காத படம் கிடைத்தது. அதை வெட்டி ஒட்டினோம், அதைப் பார்த்து முத்திரை குத்தி உன்னை அனுப்பிவிட்டார்கள். மற்ற பதின்மூன்றையும் தள்ளுபடி என்று எழுதி மேசை இழுப்பறையில் போட்டேன். இப்போது அந்த இழுப்பறையைத் திறக்காமல் எனக்குக் கடை திறப்பதில்லை. தொழிலுக்கு உதவாத படங்கள்தான், எந்த ஆபீஸிலும் செல்லாது.

கடிதம் நீண்டுவிட்டது. அலுவல் விஷயமாக மறுபடியும் சொல்லிவிடுகிறேன்: ஏழு படங்களும் தேறவில்லை, எட்டாவதாக ஒன்று எடுத்து அனுப்பச் சொல், பார்க்கலாம். தேதி தாண்டிப் போனால் நான் பொறுப்பில்லை. எனக்காக நீ எதையும் யோசிக்க வேண்டாம். மகளுக்கு உன் துணை அவசியம், வேலைக்குப் போகிற பெண், கைக்குழந்தை, நான் அதெல்லாம் தெரியாதவனா? மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். மாப்பிள்ளையிடம் நான் மிகவும் விசாரித்ததாகச் சொல், எந்த மாப்பிள்ளை என்று அவர் கேட்க மாட்டார் என்று நம்புகிறேன். பேரக் குழந்தைக்கு என் முத்தம், அதை நீ கொடுத்துவிடு. குழந்தை நேராகப் பார்க்கிறதா, காது இரண்டும் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்பு, அது சிரித்தாலும் பரவாயில்லை. மருந்துக் கடைக்காரரும் கணக்கு டீச்சரும் கண்டக்டரும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். உன் முட்டிக்கு நல்ல சுகமும், உன் மனதுக்கு நிறைந்த சந்தோஷமும் உண்டாக வேண்டும் என்று விரும்பும்,

உன் வீட்டுக்காரன்.

பின்குறிப்பு: மேலே நிழல், வெளிச்சம், முகவாய், காது, பல் நிறம் என்று எழுதியிருப்பது அத்தனையும் பொய். முப்பத்தோரு வருஷத்தில் தொழிலில் நான் சொன்ன முதல் பொய், அதையும் உன் காதில்தான் பூவாகச் சுற்றியிருக்கிறேன். ஏழு படமும் சரியாக இருக்கின்றன. முதல் படமே சரி. அது வந்த அன்றைக்கே பிரிண்ட் போட்டு வெட்டி வைத்துவிட்டேன், எட்டுப் பிரதியும் இந்தப் பார்சலிலேயே இருக்கின்றன, எந்த ஆபீஸிலும் திரும்பி வராது. உனக்கு இருக்க வேண்டும் என்று தோன்றினால் எடுத்து ஒட்டிக்கொள், மகள் மேல் சத்தியமாக நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். இங்கே உன்னைச் சிரிக்காமல் உட்கார வைக்க எனக்குப் பதினாலு தடவை ஆச்சு. அங்கே முதல் தடவையிலேயே நீ சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறாய். ஏழு படத்தையும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிவிட்டேன், உதட்டு ஓரத்தில்கூடச் சிரிப்பு இல்லை. ஏழாவது எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுதினேனே, அதில் நீ காமிராவைக்கூடப் பார்க்கவில்லை, பக்கத்தில் எங்கேயோ பார்க்கிறாய். அந்த மாதிரிப் பார்க்கிற ஒருத்தன் நம் வாசலிலேயே கிடக்கிறான், எனக்கு அடையாளம் தெரியாதா? ராஜா மாதிரி இருக்கிறேன் என்று எழுதியதும் பொய்தான். வந்துடும்மா. பார்சலில் இரண்டு பழுப்புக் கவர் இருக்கும், ஒன்றில் நீ எட்டுப் பிரதி, இன்னொன்றில் அவன் எட்டுப் பிரதி, காது ரெண்டும் தெரிய. வெளியே நான் எதுவும் எழுதவில்லை. மகள் அவசரத்தில் கவர் மாற்றி ஒட்டி மனு திரும்பி வந்துவிட்டால், எனக்கு ஆட்சேபணை இல்லை.